கணக்கு வாசித்த பிறகு கையெழுத்து

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. ஆகஸ்ட் 15. காலையில் கொடியேற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் கிராம சபை. போன முறை ஊருக்குள் நடந்ததால் இந்த முறை ஆதிதிராவிடர் குடியிருப்பில் இருக்கும் பள்ளி வளாகம். ஒரே இடத்தில் நடத்தாமல் ஒவ்வொரு குடியிருப்பிலும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தவே கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கையில் சொல்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பதை நன்றாக அறிந்தவர்கள் சேர்த்த வரி அது.

நான் போனபோது சாமியானாவுக்குக் கீழே பெண்கள்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். மேசைக்குப் பின்னால் ஊராட்சிச் செயலர், பக்கத்தில் பற்றாளர். ஒவ்வொரு கிராம சபைக்கும் ஏதாவது ஓர் அரசுத் துறையிலிருந்து ஒருவரைப் பார்வையாளராக அனுப்புவார்கள். அவருக்குத்தான் பற்றாளர் என்று பெயர். இங்கே வந்திருந்தவர் வேளாண்மைத் துறைக்காரர்.

கூட்டம் தொடங்கும் முன்பே நீளமான நோட்டு ஒன்று வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி. என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் எதற்கு என்று கேட்டேன்.

"இதுல போடலன்னா வேலை குடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க சார்."

அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. வேலை கேட்பது சட்டம் கொடுத்த உரிமை. கிராம சபைக்கு வருவது வேறு உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்போம் என்று மிரட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு பல ஊர்களில் உலவுகிறது. காரணம், குறைவெண் வரம்பு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். அந்த எண்ணிக்கையை நிரப்பச் சுலபமான வழி நூறு நாள் வேலையில் இருக்கும் பெண்களை அழைத்து உட்கார வைப்பது. நோட்டு நிறைந்ததும் அதிகாரிகளுக்கு நிம்மதி. தீர்மானங்கள் முன்கூட்டியே எழுதி வந்திருக்கும். அதை வேகமாக வாசித்து, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டு, டீ கொடுத்து முடித்துவிடலாம். வருகைக்குப் போட்ட கையெழுத்தே சம்மதத்துக்குப் போட்ட கையெழுத்தாக மாறிவிடும்.

இந்த ஊரில் அன்று அப்படி நடக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தது. படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை. கிராம சபையில் இதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். பல இடங்களில் இது செயலரின் நாற்காலிக்கு நேர் பின்னால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுத்துத் தெரியாத தூரத்தில் இருக்கும். நான் எழுந்து பக்கத்தில் போய் நின்று வாசித்தேன். யாரும் தடுக்கவில்லை. தொடக்க இருப்பு, வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம் என வரவு ஒரு பக்கம். குடிநீர்ப் பராமரிப்பு, தெருவிளக்கு, துப்புரவு, மின்கட்டணம் என செலவு ஒரு பக்கம். கடைசியில் இறுதி இருப்பு.

இதைப் பார்க்கிற கண் வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஊராட்சிக்குப் பணம் ஒரே பையில் வருவதில்லை. முதல் கணக்கு பொது நிதி. ஊரில் வசூலாகும் வரி, மாநில மானியம் இவை அதில் சேரும். இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்று ஒதுக்கியது. மூன்றாம் கணக்கு திட்டப் பணிகளுக்கு. இவற்றோடு மத்திய நிதிக்குழு மானியம் தனி. 2021–26 காலத்துக்கான 15வது நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. ஆகவே "பணம் இல்லை" என்று செயலர் சொன்னால், எந்தக் கணக்கில் இல்லை என்று கேட்க வேண்டும். மின்கட்டணக் கணக்கில் பணம் இருந்தும் தெரு பல்புக்கு இல்லாமல் போகலாம். அது நியாயமான பதில். குடிநீருக்கென்றே வந்த மானியம் இருக்கும்போது குழாய்க்கு இல்லை என்றால் அது பதில் ஆகாது.

செயலர் வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல், ஆனால் வேகம். நான்காவது இனமோ ஐந்தாவதோ வாசிக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். அறுபது வயது இருக்கும்.

"தம்பி, நில்லு. மோட்டார் காயில் கட்டுனது ரெண்டு வாட்டி போட்டுருக்கியே?"

"ஆமாம்மா, ரெண்டு முறை பழுதாச்சு."

"எங்க தெரு மினி டேங்க் மோட்டாரா?"

"ஆமா."

"அது என் வூட்டு வாசல்லதான் இருக்கு. ஒரு வாட்டிதான் கழட்டினாங்க. பொங்கல் கழிச்சு இல்ல, சித்திரையில. கழட்டுனவன் எங்கிட்டதான் தண்ணி வாங்கிக் குடிச்சான்."

கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒன்றியத் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்து பில்லையும் பதிவேட்டையும் ஒப்பிட்டால், தொகை சரியாக இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார். மோட்டார் உண்மையில் கழன்றதா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அது வாசலில் மோட்டார் வைத்திருக்கிற அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். ஊர் கூடிக் கணக்குக் கேட்பதற்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்ததன் பொருளே இதுதான்.

செயலர் கோபப்படவில்லை, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அலமாரியிலிருந்து வவுச்சர் கோப்பை எடுத்துவரச் சொன்னார். டேங்க் ஆபரேட்டர் சைக்கிளில் போய்க் கொண்டுவந்தார். இரண்டு பில்லும் இருந்தன. இரண்டாவது பில்லின் பின்பக்கம் வேறு ஒரு குக்கிராமத்தின் பெயர் பென்சிலில் எழுதியிருந்தது. அந்தக் குக்கிராமத்துக்காரர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "ஆமா, எங்க மோட்டார்தான். எங்களுக்கு ரெண்டு நாள் தண்ணி வரல" என்றார். பேனரில் இரண்டையும் ஒரே தெருவின் பெயரில் சேர்த்து அடித்திருந்தார்கள். பற்றாளர் அதைத் திருத்தி எழுதச் சொன்னார். அம்மா உட்கார்ந்தார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடம் நடக்காமல் போயிருந்தால், செயலர் ஒரு மோட்டாரின் பெயரில் பணம் எடுத்துவிட்டார் என்ற பேச்சு அந்தத் தெருவில் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கும். கேள்வி கேட்பவர்களைப் பார்த்தால் கலகக்காரர் என்று நினைக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நேர்மையான ஊழியருக்குக் கிராம சபையை விடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் செல்போனில் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் திறந்து வைத்திருந்தான். மத்திய நிதிக்குழு மானியத்தில் எந்தப் பணிக்கு எவ்வளவு பணம் போனது என்பதை அதில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கடவுச்சொல் வேண்டாம். அவன் கேட்டது கழிவுநீர்க் கால்வாய் பற்றி. கிழக்குத் தெருவில் கால்வாய் கட்டி முடித்ததாகப் பணம் போயிருக்கிறது. ஆனால் கால்வாய் தெருக்கோடி வரைக்கும் போகவில்லை என்றான்.

இதற்குச் செயலரிடம் கோப்பு இல்லை. "அளவு எடுத்தது ஓவர்சீயர். எம்-புக் ஒன்றிய அலுவலகத்துல இருக்கு" என்றார். பணியின் அளவுகளைப் பதியும் புத்தகம்தான் எம்-புக்.

"ஓவர்சீயர் எங்க?"

"அவருக்கு இன்னிக்கு வேற ஊராட்சி."

"சரி, தலைவர் இருந்தா தலைவரைக் கேப்போம். இப்ப யாரைக் கேக்கறது?"

அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. இந்த மாவட்டம் உட்படத் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பிறகு அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அதற்கு முன்பும் இதே கதைதான். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ இப்படித் தேர்தல் இல்லாமல் காலம் ஓட்ட யாராவது துணிவார்களா? ஊராட்சி என்றால் மட்டும் துணிகிறார்கள். இது தவறு. எந்தக் கட்சி ஆட்சியில் நடந்தாலும் தவறு.

வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். மாநிலத்தில் ஊராட்சிகள் சுமார் 12,500, ஒன்றியங்கள் 388. ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பது ஊராட்சிக்கு மேல். எல்லா ஊரிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கிராம சபை நடக்கும்போது, அந்த ஒருவர் எத்தனை ஊரில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியும்?

முன்னாள் தலைவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டத்தின்படி நடந்த 2019 தேர்தலில் வந்தவர். கொட்டகையின் ஓரத்தில், மற்ற பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "இப்பவும் குழாயில தண்ணி வரலன்னா எங்க வூட்டுக்குத்தான் வராங்க" என்றார் என்னிடம். "நான் ஒன்றியத்துக்குப் போன் பண்ணிச் சொல்றேன். முன்னல்லாம் எடுத்த உடனே பேசுவாங்க. இப்ப அடிச்சிக்கிட்டே இருக்கும்." பதவியில் இருந்தபோது தன்னை வாசலில் வைத்து எல்லோரும் கேள்வி கேட்டது கஷ்டமாகத்தான் இருந்தது என்றும், ஆனால் இன்றைக்கு ஊர்க்காரர்களுக்குக் கேட்க ஒரு வாசல்கூட இல்லையே என்றும் சொன்னார்.

கூட்டத்தை நிறுத்தாமல், ஒரு மூன்று நான்கு பேரை மட்டும் கால்வாயைப் பார்த்து வரச் சொன்னார் பற்றாளர். நானும் கூடவே போனேன். பையன் ஒரு கொத்தனாரிடம் டேப் வாங்கி வந்தான். பணி நடந்த இடத்தில் தகவல் பலகை இருந்தது: பணியின் பெயர், மதிப்பீடு, நீளம், நிதி ஆதாரம். பலகையின் கீழ்ப்பகுதியில் சுவரொட்டி ஒட்டியிருந்ததை ஒருவர் கிழித்து எடுத்தார். கால்வாயின் விளிம்போடு டேப்பை வைத்து, முடிந்த இடத்தில் சுண்ணாம்புக் கல்லால் கோடு போட்டு, மறுபடி வைத்து அளந்தார்கள். பலகையில் இருந்த நீளத்துக்கு இரண்டு வீட்டு வாசல் குறைந்தது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் வாசலில் தேங்கி நிற்கும் தண்ணீரைக் காட்டினார்கள். கொசு மொய்த்தது.

இதில் களவு நடந்தது என்று நான் சொல்லவில்லை. மரமோ குழாயோ குறுக்கே வந்து திட்டத்தை மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் திருத்திய மதிப்பீடு இருக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்ட வேண்டியது அலுவலகத்தின் கடமை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 ஆவணத்தைப் பார்க்க மட்டும் உரிமை தரவில்லை. நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை தந்திருக்கிறது. சிமெண்ட்டும் மணலும் என்ன விகிதத்தில் கலந்தது என்ற சந்தேகம் இருந்தால், சான்றளித்த மாதிரி கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். இந்த மாதிரி எடுக்கும் உரிமையைப் பயன்படுத்துபவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

திரும்பி நடக்கும்போது உடன் வந்த இளம்பெண் ஒருவர், தான் சமூகத் தணிக்கையில் கிராம வள பயிற்றுநராக வேலை செய்ததாகச் சொன்னார். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைத் திட்டச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணிகளைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. அதற்காகத் தமிழ்நாட்டில் சமூகத் தணிக்கைச் சங்கம் இருக்கிறது. வேலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். என்.எம்.ஆர் என்னும் வருகைப் பட்டியலில் வருகை போட்டிருக்கும் நாளில் அந்த ஆள் வேலைக்குப் போனாரா, கூலி வங்கிக்கு வந்ததா என்று கேட்பார்கள். வெட்டிய குளத்தை, வரப்பை அளப்பார்கள். கடைசியில் சிறப்புக் கிராம சபை. அதற்கு ஊராட்சித் தலைவர் தலைமை வகிக்கக் கூடாது. ஊராட்சியோடு சம்பந்தமில்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் தலைமை.

"உயிரோட இல்லாதவங்க பேருல வருகை இருந்துச்சுன்னா அந்த வீட்டுக்குப் போய்க் கேக்கறப்பதான் சார் ரொம்ப கஷ்டம்" என்றார். "அந்த வீட்டுக்காரங்களுக்கு எதுவுமே தெரியாது. 'எங்கப்பா பேருலயா?'ன்னு அழுவாங்க."

இந்த முறைக்கு வேர் ராஜஸ்தானில். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பினர் பஞ்சாயத்தின் கூலிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பொதுவெளியில் வாசித்தார்கள். வாசிக்கக் கேட்ட மக்கள், வேலை செய்யாதவர்களின் பெயர்கள் அதில் இருப்பதைச் சொன்னார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தொடங்கிய அந்த அமைப்பின் கோரிக்கையே பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வளர்ந்தது. அங்கேயும் முதல் வேலை உரக்க வாசிப்பதுதான்.

ஆனால் தணிக்கையில் கண்டுபிடித்ததற்கு அப்புறம் என்ன ஆகிறது? அந்தப் பெண்ணுக்கு மனக்குறை அதில்தான். குறைகள் பத்தி பத்தியாக எழுதப்பட்டு, மாவட்ட அளவில் உயர்மட்டக் குழுவுக்குப் போகும். அங்கே எந்தப் பத்தியை முடித்தார்கள், யாரிடம் பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள் என்ற செய்தி ஊருக்குத் திரும்பி வருவதில்லை. குறையைச் சொன்னவர் மறுநாளும் அதே பணித்தளப் பொறுப்பாளரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். தணிக்கையின் முடிவை அடுத்த கிராம சபையில் கட்டாயம் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நாங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது டெங்கு தடுப்பு, குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்வது எல்லாம் வாசித்து முடித்திருந்தார்கள். பையன் அளவைச் சொன்னான். செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடித்ததும், மோட்டார் பற்றிக் கேட்ட அதே அம்மா, "என்ன எழுதினன்னு படி" என்றார். அவர் படித்தார்: கிழக்குத் தெருக் கால்வாயின் நீளம் குறித்துக் கிராம சபை ஐயம் எழுப்பியதால், ஒன்றியப் பொறியாளர் நேரில் அளந்து அறிக்கையை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும். "அளந்தோம்னு எழுதலயே" என்றார் ஒருவர். அதையும் சேர்த்தார்கள்: கிராம சபை உறுப்பினர்கள் நேரில் அளந்ததில் நீளம் குறைந்தது. பையன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டான்.

அப்புறம்தான் தீர்மானத்தின் கீழ் கையெழுத்து. இந்தத் தடவை நோட்டு மெதுவாக நகர்ந்தது. வாங்கியவர்கள் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு அல்லது பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போட்டார்கள்.

ஒரு கால்வாய்க்காக எழுதிய நான்கு வரியால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை நினைவூட்டுகிறேன். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024-இல் அங்கும் சுற்று வட்டாரத்திலும் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மக்கள் தெருவில் இறங்கினார்கள், சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் சாதித்ததில்லை அது. ஆனால் போராட்டம் கையில் ஏந்திய தாள்களில் கிராம சபையின் தாளும் ஒன்று.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. உங்கள் ஊரில் அடுத்தது நடக்கும்போது போங்கள். வருகைக்குப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் படிவம் 30-ஐ வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருப் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, வவுச்சரைக் காட்டச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டிய பிறகு மட்டும் அதன் கீழ் கையெழுத்துப் போடுங்கள்.